சைனம்பு தொட்டுச் சொன்னது

சைனம்பு பிறந்தது வாலாஜாபாத்தில். அவள் அத்தா அங்கே ஓர் அரிசி ஆலையில் எடை போடுகிறவராக இருந்தார். மதியச் சாப்பாட்டை அவருக்குக் கொண்டுபோகிற வேலை சைனம்புவுடையது. அவர் கைகழுவி உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் சும்மா இருக்கமாட்டாள். குவியலாகக் கிடப்பதில் எல்லாம் கையை விட்டுப் பார்ப்பாள். தவிட்டுக்குள் விட்டால் கை சத்தமே இல்லாமல் முழங்கை வரை இறங்கும். உமியில் விட்டால் குத்தும், வெளியே எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அரித்துக்கொண்டிருக்கும். குருணை விரலிடுக்கில் உருண்டு ஓடும். வெயிலில் உலரப் போட்ட நெல் மேலே சுடும், உள்ளே குளிரும். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே நினைக்கவில்லை.

பத்தொன்பது வயதில் அவளை உத்திரமேரூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை இனாயத்துல்லாவுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. பெரிய கடை இல்லை. பாவாடைத் துணி, ஜாக்கெட் பிட், லுங்கி, நைட்டித் துணி, பள்ளிக்கூட யூனிஃபார்ம், இவ்வளவுதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அந்தக் கடைக்கு ஒரு பேர் இருந்தது. இனாயத்துல்லா துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே ஒரு தடவை தேய்ப்பார். "இது முழுக் காட்டன் இல்லம்மா, பாதிதான். வேணும்னா எடுத்துக்க, ஆனா தெரிஞ்சி எடுத்துக்க" என்பார். சாயம் போகுமா, துவைத்தால் சுருங்குமா என்பதையும் அந்த இரண்டு விரல்களே சொல்லிவிடும். திருப்புலிவனத்திலிருந்தும் மானாம்பதியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், வேறு எத்தனையோ கடைகளைத் தாண்டிக்கொண்டு அவரிடம் வந்தார்கள்.

முப்பத்திரண்டு வருடங்கள் இப்படிப் போயின. ஒரே மகள் ஷாஹிஸ்தாவை வாலாஜாபாத்திலேயே கொடுத்தார்கள். சைனம்பு மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு கொண்டுபோவாள், அவர் சாப்பிட்டதும் பாத்திரத்தோடு திரும்பிவிடுவாள். கடையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. உட்காரச் சொல்லி அவரும் கேட்டதில்லை.

போன வருடம் சித்திரை வெயிலில் ஒரு நாள் அவள் சாப்பாட்டோடு போனபோது, கடையில் பாஞ்சாலி நின்றுகொண்டிருந்தாள். மானாம்பதியில் நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கடையில்தான் துணி எடுக்கிறவள். அவள் மருமகள் கல்பனாவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. குழந்தைக்குச் சட்டை தைக்கவும் கீழே விரிக்கவும் என்று பத்து நாள் முன்னால் மெத்தென்ற வெள்ளைத் துணி வாங்கிப் போயிருந்தாள். அந்தத் துணி இப்போது, துணி விரித்துக் காட்டுகிற பெட்டி மேல் கிடந்தது.

"கொய்ந்தைக்குக் கய்த்து, முதுகு எல்லாம் செவப்பு செவப்பா தடிச்சிக்கினு கீது பாயி. விரிச்சாக்கா ஈரத்த இஸ்துக்கவே மாட்டுது. மூத்திரம் அப்டியே மேல நிக்குது. இன்னா துணி குடுத்த நீ?"

பாஞ்சாலி கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. இனாயத்துல்லா துணியை எடுத்து வழக்கம்போல இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். கொஞ்சம் யோசித்தார். மறுபடி தேய்த்தார்.

"காட்டன்தான் இது. வெயிலுக்கு வேர்க்குரு வந்திருக்கும்."

"பாயம்மா, நீ தொட்டுப் பாரு" என்று பாஞ்சாலி துணியைச் சைனம்புவின் பக்கம் நகர்த்தினாள்.

சைனம்பு தொட்டாள். துணி வழவழவென்று விரலிலிருந்து நழுவியது. கைக்குள் கசக்கிப் பிடித்து விட்டால் ஒரு சுருக்கமும் இல்லாமல் நிமிர்ந்துகொண்டது. உள்ளங்கை அதற்குள் வேர்த்துவிட்டிருந்தது. இது நூல் துணி இல்லை என்று தெரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். சொல்லவில்லை.

"எரிச்சிப் பாத்துருவோம்" என்றார் இனாயத்துல்லா. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார். தீக்குச்சி கிழித்துக் காட்டினார். பருத்தி நூலானால் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு உருகி, கறுப்பாக ஒரு மணியாகத் திரண்டது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வந்தது. மூன்று பேரும் அந்தக் கறுப்பு மணியையே பார்த்தார்கள்.

சைனம்புதான் முதலில் பார்வையை விலக்கினாள். அவர் கையில் தீக்குச்சி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு குச்சி முழுவதையும் தின்றுவிட்டு அவர் விரலைத் தொட்டிருந்தது. அவர் கையை உதறவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை.

அவள் குனிந்து ஊதி அணைத்தாள்.

பாஞ்சாலிக்கு அன்றைக்குத் துணிக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். அவள் போன பிறகு சைனம்பு கடையின் உள்பக்கம் போய் நின்றாள். "கைய காட்டுங்க" என்றாள். ஆள்காட்டி விரல் நுனியில் வெள்ளையாகக் கொப்புளம் கிளம்பியிருந்தது. பக்கத்தில் பழைய கொப்புளத்தின் தழும்பு ஒன்றும் இருந்தது.

"எத்தினி நாளா?"

அவர் கையை இழுத்துக்கொண்டார். "போன ரம்ஜானுக்கு முன்னாடியே. மொதல்ல கால்ல மதமதன்னு இருந்துச்சி. அப்புறம் கைக்கு வந்துச்சி. உறை மாட்டிக்கினு தொடற மாதிரி."

"அப்ப துணியெல்லாம் எப்டி எடுத்தீங்க?"

"கண்ணால பாத்துதான். உதறினா வர்ற சத்தத்த வச்சிதான். ஏஜெண்டு சொல்றத நம்பிதான்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் டாக்டரிடம் போனார்கள். சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. வருடக்கணக்காகப் பார்க்காமல் விட்டதில் நரம்பு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். மாத்திரையும் கட்டுப்பாடும் இருந்தால் இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்பி வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். மணிக்கட்டுக்கு மேலே உணர்ச்சி நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இனாயத்துல்லா ஒரு லுங்கியை முழங்கைப் பக்கம் தேய்த்துப் பார்த்தார். அரிக்கிறதா, சூடாக இருக்கிறதா என்பது தெரிந்தது. நூல் நெருக்கமா, கலப்பா, கஞ்சி போட்டதா என்பது தெரியவில்லை. அந்த நுணுக்கம் முழங்கைக்கு இல்லை. லுங்கியை மடித்து வைத்துவிட்டார்.

செய்தி கேட்டு ஷாஹிஸ்தா போன் செய்தாள். "கடைய மூடிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்கம்மா. அத்தா ஓய்வா இருக்கட்டும்" என்றாள். இனாயத்துல்லா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் சைனம்பு பயந்துபோனாள்.

ஆனால் அவள் மனத்தில் அதைவிடப் பெரிதாக உறுத்திக்கொண்டிருந்தது அந்தக் குழந்தையின் கழுத்து. பணம் திருப்பிக் கொடுத்ததால் அந்த விஷயம் முடிந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை அவரோடு கடைக்குப் போனாள். வெள்ளைத் துணிச் சுருள்கள் ஏழு இருந்தன. ஒவ்வொன்றையும் கையால் தடவினாள், கசக்கினாள், மேலுதட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். ஏழில் மூன்றை ஒதுக்கி வைத்தாள். கடைசியில் ஒரு பழைய மல் துணியை எடுத்தாள். கையில் எடுத்தால் எடையே தெரியாத, விட்டால் காற்றில் ஆடி இறங்குகிற துணி. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் சோப்புப் போடாமல் மூன்று முறை அலசி, நிழலில் காயவைத்து, தானே நான்கு சட்டைகள் தைத்தாள். தையல் உள்பக்கம் உறுத்தக்கூடாது என்று மடிப்பை வெளிப்பக்கம் வைத்தாள். பார்க்க விநோதமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மானாம்பதிக்குப் பஸ் ஏறினாள். அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. கல்பனா சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா பாயம்மா, உல்ட்டாவா தச்சிகீறீங்க?"

"வெளிய பாக்கறவங்களுக்கு உல்ட்டா. உள்ள இருக்கறவனுக்கு நேருதான்" என்றாள் சைனம்பு.

கல்பனா சிரித்துவிட்டாள். குழந்தைக்கு மாட்டினார்கள். அது கொஞ்சம் நெளிந்தது, பிறகு கையை மூடிக்கொண்டு தூங்கிப்போனது. பாஞ்சாலி சட்டையின் ஓரத்தைப் பிடித்துத் தடவிக்கொண்டே, "இது எப்டி உனுக்குத் தெரிஞ்சிது? பாயிக்கே தெரியலயே" என்றாள். சைனம்பு உண்மையைச் சொன்னாள். அவர் கையில் உணர்ச்சி போய்விட்டதைச் சொன்னாள். "அத மொதல்லயே சொல்லிருந்தா நான் அப்டி வந்து கேட்டிருப்பனா" என்று மட்டும் சொன்னாள் பாஞ்சாலி. கிளம்பும்போது ஒரு பை நிறைய முருங்கைக்கீரை பறித்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து சைனம்பு மதியச் சாப்பாட்டோடு கடைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்பினாள். முதல் வேலையாக இருப்பில் உள்ள எல்லாத் துணியையும் பார்த்துவிட வேண்டும் என்று இனாயத்துல்லா சொன்னார். அவர் சுருளை எடுத்துப் பெட்டி மேல் போடுவார், அவள் தொட்டுச் சொல்ல வேண்டும்.

"சொல்லு."

"நல்லாருக்கு."

அடுத்தது. "இது?"

"இதுவும் நல்லாருக்கு."

"இது?"

"இது சுமாரு."

அவர் சுருளைத் தள்ளிவிட்டார். "நல்லாருக்கு, சுமாரு. இத கேக்கறதுக்கா உன்ன உக்கார வச்சிருக்கேன்? எப்டி இருக்குன்னு சொல்லு. எத்தனாம் நம்பர் நூலு, இழை நெருக்கமா, தளர்ச்சியா, பிடிப்பு இருக்கா..."

"எனுக்கு நம்பரெல்லாம் தெரியாது."

"தெரியாதுன்னா அப்புறம் எதுக்கு..." அவர் முடிக்கவில்லை.

சைனம்பு எழுந்து பாத்திரத்தை எடுத்தாள். வாசல்வரை போனாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் இப்படிக் குரல் உயர்த்தியதில்லை. இது தன் மேல் வந்த கோபமில்லை, செத்துப்போன அந்த இரண்டு விரல்கள் மேல் வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தாலும் வலித்தது. வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"மொதல்ல போட்டீங்களே, பாவாடைத் துணி. அது குருணை மாதிரி. தடவினா விரலுக்கடியில சின்னச் சின்னதா உருளுது. ரெண்டாவது தவிடு. கையி போனதே தெரியாம உள்ள போவுது. மூணாவது போட்டது உமி. இப்ப ஒண்ணும் பண்ணாது. கட்டிக்கினு வேர்த்தா இடுப்ப அறுக்கும்."

இனாயத்துல்லா அவளையே பார்த்தார். முதல் சுருளின் ஓரத்தைப் புரட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இழையைப் பார்த்தார். "முடிச்சி முடிச்சா இருக்கற நூலு. அதான் உருளுது. சரி" என்றார் மெதுவாக. "மூணாவதுல நைலான் கலந்திருக்கு. சரிதான்." பிறகு கேட்டார், "தவிடுன்னா, புதுத் தவிடா, பழைய தவிடா?"

"இன்னா வித்தியாசம்?"

"எனுக்கு இன்னா தெரியும்? நீதான் சொல்லணும்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "புதுத் தவிட்டுல கொஞ்சம் எண்ணெப்பசை இருக்கும். இது பழசு. காஞ்சது."

"அப்ப ரெண்டு தடவ துவைச்சி வந்த துணி மாதிரி" என்றார் அவர்.

அந்த வாரம் முழுவதும் இதேதான் நடந்தது. வடித்த கஞ்சி ஆறினால் மேலே ஆடை படியுமே, அதைப்போல ஒரு துணி. ஊறவைத்த பச்சரிசியை அழுத்தினால் நறுக்கென்று உடைவதுபோல ஒன்று. ரேயானைத் தொட்டபோது அவள், "ஈரச் சாக்கு மேல கைய வச்ச மாதிரி சில்லுன்னு கனமா இருக்கு, ஆனா ஈரம் இல்ல" என்றாள். அவர் அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா. அப்டித்தான் இருக்கும். எனுக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

ஆடி மாதம் முடிவதற்குள் புதுச் சரக்கு எடுத்தாக வேண்டியிருந்தது. இனி ஏஜெண்டு வேண்டாம், நேரில் போய் எடுப்போம் என்று முடிவு செய்தார்கள். காலை பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து ரயில். வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்தக் கடையின் மாடியில் வெள்ளை விரிப்பின் மேல் உட்கார்ந்தார்கள். மோகன்குமார் என்கிற விற்பனையாளர் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விசிறிப் போட்டார். இனாயத்துல்லாவைப் பல வருடமாகத் தெரிந்தவர்.

"பாயிக்கு நாம சொல்லணுமா? கை வச்சா போதும், அவருக்கே தெரியும்" என்றார் பக்கத்தில் இருந்த இன்னொரு வியாபாரியிடம்.

சைனம்பு அதைக் கேட்டாள். இனாயத்துல்லா நிமிர்ந்து உட்கார்ந்ததையும் பார்த்தாள். நைட்டித் துணி ஒன்றை அவர் எடுத்தார். இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துப் பழைய தோரணையில் ஒரு தேய் தேய்த்தார்.

"நல்ல சரக்கு. இதுல பத்து பீஸ் போடுங்க."

அவள் அந்தத் துணியின் மறு ஓரத்தை எடுத்தாள். மொறுமொறுவென்று, அப்பளம்போல நின்றது. அடியில் வேறு ஏதோ சோர்வாக இருந்தது. அவருக்கு முன்னால், இத்தனை பேர் நடுவில், எப்படிச் சொல்வது? சொல்லாமல் போனால் அந்தப் பத்து பீஸும் யார் யார் உடம்பிலோ ஏறும். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். துணியின் ஒரு மூலையில் நாலு சொட்டு விட்டு இரண்டு கையாலும் கசக்கினாள். கஞ்சி வெள்ளையாக விரலில் ஒட்டியது. மூலை தொய்ந்து, வலைபோலக் கண் கண்ணாக ஆகிவிட்டது.

"ஊறின அவல் மாதிரி ஆயிடுச்சி பாருங்க" என்றாள் அவரிடம் மட்டும் கேட்கும்படி.

மோகன்குமாருக்கும் கேட்டுவிட்டது. "அம்மா அவல் வாங்க வந்தாங்களா, துணி வாங்க வந்தாங்களா?" என்று சிரித்தார். பக்கத்து வியாபாரியும் சிரித்தார்.

இனாயத்துல்லா சிரிக்கவில்லை. துணியைக் கீழே வைத்தார். தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மோகன், எனக்கு இப்ப கைல உணர்ச்சி இல்ல. சுகர். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சி. சும்மா தேச்சிக் காமிச்சேன்." துணியின் தொய்ந்த மூலையைத் தூக்கிக் காட்டினார். "இவங்க அவல்னு சொன்னா, கஞ்சியால நிக்கிற துணின்னு அர்த்தம். ஒரு துவைப்புக்குத் தாங்காது. அந்தப் பத்து பீஸ் வேணாம். இனிமே இவங்க கைல குடுங்க. அவங்க எதுன்னு சொல்றாங்களோ, அது."

மோகன்குமார் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தத் துணியைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினார். பிறகு எழுந்து உள்ளே போய், சிப்பம் பிரிக்காத ஒரு கட்டைத் தூக்கி வந்து சைனம்புவின் முன்னால் வைத்தார். "இதப் பாருங்கம்மா. இது வேற" என்றார். தண்ணீர் பாட்டிலையும் அவரே திறந்து கொடுத்தார்.

அதன் பிறகு கடை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. சைனம்பு எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. இனாயத்துல்லாவிடம் இத்தனை வருடம் வாய் திறக்காத பெண்கள் அவளிடம் பேசினார்கள். பாவாடை நாடா கட்டுகிற இடம் புண்ணாகிறது என்றாள் ஒருத்தி. எல்லம்மாள் என்று நாற்று நடப் போகிற பெண், ஜாக்கெட்டின் அக்குள் ஈரத்தில் நாள் முழுவதும் உரசிக் கறுத்துவிட்டதைச் சட்டென்று கையைத் தூக்கிக் காட்டினாள். மாதவிலக்கு நின்று உடம்பு சூடு ஏறுகிற வயதில் என்ன துணியில் நைட்டி தைக்கலாம் என்று ஒரு டீச்சர் காதோடு கேட்டார். சைனம்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். துணியை எடுத்துப் போட்டு, "கண்ண மூடிக்கினு தொடு. கலர அப்புறம் பாக்கலாம்" என்பாள். இனாயத்துல்லா கல்லாப் பக்கம் உட்கார்ந்து, எங்கே எந்தச் சுருள் இருக்கிறது என்று குரல் கொடுப்பார். பெண்கள் இப்படிப் பேச ஆரம்பித்தால் மெல்ல எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

அவர் வலக்கை அப்படியேதான் இருக்கிறது. இடக்கையின் கடைசி இரண்டு விரல்களில் மட்டும் சூடு கொஞ்சம் தெரிகிறது. டாக்டர் அதையே பெரிதாகச் சொன்னார். சர்க்கரை போடாத டீக்கு அவர் பழகிவிட்டார், பிடிக்கவில்லை என்று தினமும் சொல்கிறார். ஷாஹிஸ்தா இப்போதெல்லாம் கடையை மூடச் சொல்வதில்லை. பக்ரீத்துக்குப் பிள்ளைகளுக்கு எந்தத் துணி எடுக்கலாம் என்று அம்மாவிடம் கேட்கிறாள்.

போன மாதம் சைனம்பு முதல்முறையாகத் தனியாகவே சரக்கு எடுக்கப் போய்வந்தாள். அவருக்குக் காலில் ஒரு சின்னப் புண், அலையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் பஸ் உத்திரமேரூரில் வந்து நின்றபோது, இறங்குகிற படிக்குப் பக்கத்திலேயே இனாயத்துல்லா நின்றிருந்தார். ஒரு காலில் செருப்பு, மறுகாலில் கட்டு.

"நிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல?"

"உக்காந்துதான் இருந்தேன். பஸ்ஸப் பாத்துதான் எழுந்தேன். இன்னா எடுத்த?"

ஆட்டோவில் மூட்டைகளை ஏற்றி நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். லுங்கி எப்படி இருந்தது, ஜாக்கெட் துணியில் எதை வேண்டாம் என்று சொன்னாள், மோகன்குமார் எதற்கு முகம் சுளித்தார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். இனாயத்துல்லா, நீலத் துணி ஒன்று எட்டிப்பார்த்த மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஏரிக்கரைப் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டுத் தெரு திரும்பியதும் அவள் பேச்சை நிறுத்தினாள்.

"அந்த நீலக் கலரு சொல்லவே இல்லியே" என்றார்.

"வூட்டுக்குப் போயி சொல்றேன். ஆட்டோக்காரரு சிரிக்கிறாரு."

"சிரிக்கட்டும். சொல்லு."

அவள் சொன்னாள்.